அக்காவுக்கு 88 கிலோ, தம்பிக்கு 66 கிலோ: நோய் ஏன் தம்பிக்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது. வயது 38, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 66 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். மது அருந்தும் பழக்கம் இல்லை. முழு உடல் பரிசோதனையில் வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 240, எச்.டி.எல். ('நல்ல' கொலஸ்ட்ரால்) 34, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1 என்று வந்திருக்கிறது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வயது மூத்த அக்காவுக்கோ எடை 88 கிலோ, ஆனால் அவருடைய அறிக்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடல் பருமன்தான் இத்தனைக்கும் மூலம் என்றால் இது எப்படித் தலைகீழாக நடந்தது என்பது உங்கள் சந்தேகம்.

சுருக்கமான விடை: உங்கள் அக்காவின் உடம்பு, தனக்குக் கிடைத்த உபரிக் கொழுப்பை அதற்கென்று உள்ள திசுவில் வைத்துப் பூட்டியிருக்கிறது. உங்கள் உடம்பில் அந்தக் களஞ்சியம் சிறியது. அது 66 கிலோவிலேயே நிரம்பிவிட்டதால், மிச்சம் கல்லீரலுக்கும் தசைக்கும் வழிந்திருக்கிறது. இதற்கு விரிவான விளக்கம் வேண்டுமென்றால் கொழுப்பு செல்லின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிற எனக்கு, பாடத்தில் மிக அவசரமாகக் கடந்துவிடும் பகுதி இதுதான் என்ற வருத்தம் நெடுநாளாக உண்டு.

உங்கள் எடையில் கால் பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 16 கிலோ கொழுப்பைச் சுமக்கிறீர்கள். ஒரு கிராமுக்கு 9 கலோரி வீதம் அது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கலோரி. உடம்பு சேமிக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜனோ, கல்லீரலையும் தசையையும் சேர்த்துப் பார்த்தாலும் அரை கிலோவுக்கு மேல் அதிகம் தேறாது. மேலும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதே ஒன்றரை லட்சம் கலோரியையும் கிளைக்கோஜனாகச் சேமிக்க வேண்டியிருந்தால், தண்ணீரோடு சேர்த்து 140 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்து நடக்க வேண்டியிருக்கும். ஆகவே கொழுப்பைச் சேமிப்பது உடம்பின் பிழையன்று; அது செய்யும் மிகச் சிக்கனமான ஏற்பாடு.

சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். குடலிலிருந்து கொழுப்பு, கைலோமைக்ரான் என்ற துகள்களாக ரத்தத்தில் வந்து சேர்கிறது. அந்தத் துகள்களிலிருந்து கொழுப்பு அமிலங்களை உரித்தெடுக்கும் நொதிக்கு லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்று பெயர். கொழுப்பு செல் அதைத் தயாரித்து, பக்கத்துத் தந்துகியின் உட்சுவரில் காவலாள்போல் நிறுத்திவைக்கிறது. இன்சுலின் ஏறும்போது கொழுப்புத் திசுவில் இந்த நொதியின் வேலை கூடுகிறது. உள்ளே வந்த கொழுப்பு அமிலங்கள் மூன்று மூன்றாக ஒரு கிளிசரால் முதுகெலும்பில் கோக்கப்பட்டு மறுபடி ட்ரைகிளிசரைடு ஆகின்றன. அந்தக் கிளிசரால் பகுதியை இந்தச் செல் பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்துதான் செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் தயார் நிலையில் வரும் கிளிசராலைப் பயன்படுத்தத் தேவையான கைனேஸ் நொதி அதனிடம் மிகக் குறைவு. சோறும் நெய்யும் ஒரே இலையில் சேரும்போது சேமிப்பு ஏன் அவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்: ஒன்று சரக்கைத் தருகிறது, மற்றொன்று அதைக் கோக்கும் பொருளையும், கதவைத் திறக்கும் இன்சுலினையும் தருகிறது.

வெளியே எடுக்கும் வேலைக்கு வேறு நொதிகள் இருக்கின்றன. பெரிலிப்பின் என்ற புரதம் கொழுப்புத் துளியைப் போர்த்திக் காக்கிறது. பட்டினியிலும் உழைப்பிலும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் அந்தப் போர்வையை விலக்க, முதல் கொழுப்பு அமிலத்தை ஒரு லிப்பேஸ் வெட்டுகிறது. அந்த முதல் வெட்டைச் செய்யும் நொதி அடையாளம் காணப்பட்டதே 2004-இல், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ருடால்ஃப் ஸெக்னரின் ஆய்வுக் குழுவால்தான். இந்த வெட்டை நிறுத்திவைப்பது இன்சுலின். ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது மட்டுமே இன்சுலினின் பணி என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பு செல்லின் வாசலைச் சாத்தி வைப்பது அதற்குச் சமமான பணி, சொல்லப்போனால் மிகக் குறைந்த அளவு இன்சுலினே போதுமான பணி.

இனி உங்கள் அக்காவின் கதை. கொழுப்பு சேர்வதே கெடுதல் என்றால், கொழுப்பே இல்லாதவர்கள் மிக ஆரோக்கியமாக இருக்க வேண்டும். லிப்போடிஸ்ட்ரஃபி என்ற அரிய பிறவிக் கோளாறில் தோலுக்கடியில் கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாமலேயே குழந்தை பிறக்கிறது. பார்ப்பதற்குப் பயில்வானைப்போல நரம்பும் தசையும் துருத்தி நிற்கும். ஆனால் அவர்களுக்கு வருவது கடுமையான இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் சொல்லைக் கேட்காத நிலை), பெரிதாக வீங்கிய கொழுப்புக் கல்லீரல், ஆயிரங்களில் போகும் ட்ரைகிளிசரைடு, இளவயதுச் சர்க்கரை நோய். மிகப் பருத்தவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் அத்தனையும், கொழுப்புத் திசுவே இல்லாதவர்களிடம், அதைவிடக் கடுமையாக! 2000-இல் அமெரிக்காவில், இதே கோளாறு உருவாக்கப்பட்ட எலிகளுக்குச் சாதாரண எலியின் கொழுப்புத் திசுவை ஒட்டவைத்தபோது அவற்றின் சர்க்கரை நோய் தணிந்தது. 2007-இல் பிலிப் ஷெரரின் குழு எதிர்த்திசையில் போனது. பிறவியிலேயே பருத்த எலிகளில், கொழுப்பு செல்லே சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்தபோது, அவை இன்னும் பருத்தன. ஆனால் கல்லீரல் சுத்தமானது, சர்க்கரை இயல்புக்கு வந்தது. கொழுப்பு செல்கள் எண்ணிக்கையில் பெருகி, சின்னச் சின்னதாக, நல்ல களஞ்சியமாக மாறியிருந்தன.

மனிதரிலும் இதைத் தினந்தோறும் பார்க்கலாம். பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை, புதுக் கொழுப்பு செல்களை உருவாக்கும் ஒரு மரபணு விசையை முடுக்குகிறது. அதைச் சாப்பிடுபவருக்கு எடை சில கிலோ ஏறும், இன்சுலின் எதிர்ப்போ குறையும், கல்லீரல் கொழுப்பும் குறையும். எடை ஏறிக்கொண்டே நோய் குறைவது எடை மெஷினை மட்டும் நம்புகிறவருக்குப் புரியாத புதிர். களஞ்சியம் விரிந்தது என்று பார்ப்பவருக்குப் புதிர் ஏதுமில்லை.

இந்த இடத்தில் உங்கள் அக்கா மகிழ்ந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மாதவிடாய் நிற்பதற்கு முன், ஈஸ்ட்ரோஜன் உள்ளவரை, பெண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் தங்குகிறது. அந்த இடத்துச் செல்கள் நிதானமானவை, வாங்கியதை எளிதில் வெளியே விடுவதில்லை. 1947-இலேயே மார்செய் நகரின் ழான் வாக் என்ற மருத்துவர், ஆண்பாங்கில் வயிற்றில் சேரும் பருமனையும் பெண்பாங்கில் தொடையில் சேரும் பருமனையும் பிரித்து, முன்னதே நோயைக் கொண்டுவருகிறது என்று எழுதினார். மாதவிடாய் நின்றபின் இந்தப் பாதுகாப்பு தளர்கிறது. நெடுங்காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பருமனாக இருந்தும் அறிக்கை சுத்தமாக இருந்த பெண்களில் பெரும்பாலோர் ஓரிரு பத்தாண்டுகளில் அந்த நிலையை இழந்திருக்கிறார்கள். தவிர, 88 கிலோவின் பாரம் முழங்காலுக்கும் தூக்கத்தில் மூச்சுக்கும் வேறு கணக்கு. அதற்கும் ரத்த அறிக்கைக்கும் தொடர்பில்லை.

களஞ்சியம் ஏன் சிலருக்குச் சிறியது? கொழுப்பு செல்லின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் கூடி, 20 வயதை ஒட்டி நிலைத்துவிடுகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் பீட்டர் ஆர்னரும் 2008-இல் இதை நிறுவிய விதம் அழகானது. 1963 ஒப்பந்தத்துக்கு முன் வல்லரசுகள் திறந்தவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பயிர் வழியாக மனித உடலின் டி.என்.ஏ.விலும் ஏறியது. செல்லின் டி.என்.ஏ.வில் அந்தக் கார்பன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் செல் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம். அப்படிப் பார்த்ததில், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுப்பு செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. இரைப்பை அறுவை சிகிச்சையால் எடை வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொரு செல்லும் சுருங்கியிருந்தது, அவ்வளவே.

எண்ணிக்கை குறைவாக உள்ளவர் உபரியை வைக்க வேண்டுமானால், இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் ஊதிப் பெருக்க வேண்டும். ஊதிய செல்லின் குறுக்களவு ஆக்சிஜன் பரவக்கூடிய தூரத்தையே தாண்டிவிடுகிறது. அடிப்போனெக்டின் சுரப்பு விழுகிறது. சில செல்கள் சாகின்றன. செத்த செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் கிரீடம்போல் வளைத்து நின்று அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. 1993-இல் பருத்த எலியின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் மிகுந்திருப்பதை கோகன் ஹொடமிஸ்லிகில் காட்டியதிலிருந்து, பருமன் என்பதே ஓர் அழற்சி நோய் என்ற பேச்சு பரவிவிட்டது. என் கருத்தில் அது கொஞ்சம் மிகையாகச் சொல்லப்படுகிறது. எலியில் டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் இன்சுலின் வேலை சீராகிறது. சர்க்கரை நோயுள்ள மனிதருக்கு அதே தடை மருந்தைக் கொடுத்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அழற்சி உண்மை, ஆனால் அது கதையின் தொடக்கம் அன்று. தொடக்கம், ஊதிய செல் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் வாசலைத் திறந்தே வைத்திருப்பதுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பின்னும், வெளிவரக் கூடாத கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் வந்துகொண்டே இருக்கும்.

அவை போய்ச் சேரும் முதல் இடம் கல்லீரல். உங்கள் அறிக்கையின் எல்லா எண்களும் அங்கேதான் எழுதப்படுகின்றன என்பதால் இதில் சற்று நிற்கலாம்.

கல்லீரலில் படியும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 2005-இல் ஐசோடோப் அடையாளமிட்டு அளந்தார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் ஏறத்தாழ 59 சதவீதம் ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு அமிலத்திலிருந்தும், 26 சதவீதம் கல்லீரலே மாவுச்சத்திலிருந்து புதிதாகத் தயாரிப்பதிலிருந்தும், 15 சதவீதம் உணவுக் கொழுப்பிலிருந்தும் வந்திருந்தது. எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டுச் சோற்றின் அளவைக் குறைக்காதவர்களுக்கு ஸ்கேன் ஏன் மாறுவதில்லை என்பதற்கு விடை அந்த 26-இல் இருக்கிறது. நலமானவரின் கல்லீரலில் இந்தப் புதுத் தயாரிப்பு மிகச் சொற்பம். இன்சுலின் அளவு ஏறிக் கிடக்கும்போது எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்ற மரபணு விசையும், குளுக்கோஸ் வெள்ளமாக வரும்போது இன்னொரு விசையும் முடுக்கப்பட்டு, குளுக்கோஸ் உடைந்து உண்டாகும் அசிட்டைல் கோ-ஏ கொழுப்பு அமிலமாகக் கோக்கப்படுகிறது. அந்த வழியில் இடைப்பொருளாக வரும் மலோனைல் கோ-ஏ, கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரியப் போகும் வாசலை அடைக்கிறது. தயாரிக்கும்போதே எரிக்காதே என்பது இதன் தர்க்கம். பட்டினியும் விருந்தும் மாறிமாறி வந்த காலத்துக்கு அது சரி. நாளுக்கு ஐந்து வேளை ஏதாவது உள்ளே போகும் வாழ்க்கையில், அந்த வாசல் திறக்கவே வாய்ப்பு கிடைப்பதில்லை.

பழச்சாறு, குளிர்பானம், டீக்கடையில் நாளைக்கு நாலு முறை இரண்டு கரண்டிச் சர்க்கரை: இவற்றின் பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸ் உடையும் பாதையில் பாஸ்ஃபோஃபிரக்டோகைனேஸ் என்ற நொதி ஒரு சுங்கச்சாவடிபோல இருந்து, செல்லில் ஆற்றல் போதுமானால் வரத்தை நிறுத்துகிறது. ஃபிரக்டோஸ் அந்தச் சாவடியைச் சுற்றி, பின்பக்கமாகப் பாதைக்குள் நுழைந்துவிடும். நிறுத்துவாரில்லை. வழியில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழிப்பதால் யூரிக் அமிலமும் கூடுகிறது.

கொழுப்பு அமிலங்கள் கோக்கப்படும் இடைவழியில் டைஅசைல்கிளிசரால் என்ற இரண்டு-கால் மூலக்கூறு தேங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷுல்மன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது இது: அந்த மூலக்கூறு கல்லீரலில் பி.கே.சி. எப்சிலான் என்ற கைனேஸைச் செல்சவ்வுக்கு இழுக்கிறது, அது இன்சுலின் ஏற்பியையே மழுங்கச் செய்கிறது. செரமைடு என்ற வேறு வகைக் கொழுப்பு மூலக்கூறுகளுக்கும் இதில் பங்குண்டு என்று வாதிடும் தரப்பும் வலுவானதுதான். எது முதன்மை என்ற விவாதம் ஓயவில்லை. எப்படியானாலும், நல்ல கல்லீரல் இன்சுலின் வந்ததும் குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்தும். கொழுப்பேறிய கல்லீரல் நிறுத்தாது. இரவு முழுக்க அது சுரந்துகொண்டிருக்கும் குளுக்கோஸ்தான், ராத்திரி எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்தவருக்கும் காலையில் சர்க்கரை 110 காட்டுவதற்குக் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லீரல் இன்சுலினின் ஒரு கட்டளையை மட்டும்தான் மறுக்கிறது. குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்து என்பதைக் கேட்பதில்லை. கொழுப்பைத் தயாரி என்பதை மட்டும் விசுவாசமாக நிறைவேற்றுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினை ஊற்ற, மேலும் மேலும் கொழுப்பு உருவாகிறது. இடம் கொள்ளாத கல்லீரல் அதை வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. உங்கள் 240 இதுதான்: எண்ணெய்ப் பலகாரத்தின் நேரடிக் கணக்கு அன்று, கல்லீரலின் ஏற்றுமதிக் கணக்கு. ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்கள் ரத்தத்தில் நெரிசலாக இருக்கும்போது, ஒரு பரிமாற்றப் புரதம் அந்த ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லுக்குக் கொடுத்து, அதிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. சரக்கு மாறிய எச்.டி.எல். சிறுத்து, சிறுநீரகம் வழியாக விரைவில் கழிகிறது. 34 என்ற எண் அப்படி வந்தது. அதே பரிமாற்றம் 'கெட்ட' கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லையும் சிறிய, அடர்த்தியான துகளாக மாற்றுகிறது, எல்.டி.எல். எண் சாதாரணமாகத் தெரிந்தாலும் துகள்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். எனவே நான்கு தனித்தனிக் கோளாறுகள் உங்களுக்கு இருப்பதாக எண்ணி நான்கு மாத்திரைகளைத் தேட வேண்டாம். நான்கும் ஒரே ஓட்டத்தின் நான்கு துறைகள்.

தசையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாப்பாட்டுக் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக் கிளைக்கோஜனாக வைக்க வேண்டியது தசை. அங்கே கொழுப்பு தேங்கினால் இன்சுலின் சொல்லியும் ஜி.எல்.யு.டி.4 என்ற கதவு செல்சவ்வுக்கு வராது. 2007-இல் ஷுல்மனின் குழு, ஒல்லியான, இளவயது, ஆனால் இன்சுலின் எதிர்ப்புள்ள நபர்களுக்கு மாவுச்சத்து மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்தபோது, தசை ஏற்க மறுத்த குளுக்கோஸ் கல்லீரலுக்குத் திரும்பிக் கொழுப்பாகியிருந்தது. தொப்பையோ பருமனோ வருவதற்கு முன்பே இது நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதே குழு அதற்கு முந்தைய ஆண்டு, ஒல்லியான இந்திய வம்சாவளி ஆண்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் கல்லீரல் கொழுப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்று வெளியிட்டிருந்தது.

இந்தியர் என்ற சொல் வந்துவிட்டதால் புனேயின் சர்க்கரை நோய் ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2004-இல் அவரும் லண்டனின் ஜான் யுட்கினும் தோளோடு தோள் நிற்கும் ஒரு புகைப்படத்தை லான்செட் இதழ் வெளியிட்டது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடம்புகள். இது பிறப்பிலேயே தொடங்குவதையும் யாஜ்னிக் காட்டினார்: புனே கிராமத்துக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோவும், இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோவும் எடையோடு பிறந்தார்கள். புனேக் குழந்தைகளுக்குத் தசையும் உறுப்புகளும் குறைந்திருந்த அளவுக்கு முதுகுத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. அம்மாவின் வயிற்றில் பற்றாக்குறை வந்தபோது உடம்பு தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்துக்கொண்டது. பின்னாளில் அந்தக் குறைந்த தசையோடு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வேளைச் சோறு சாப்பிடும்போது கணக்கு இடிக்கிறது.

ஆகவே உங்கள் பி.எம்.ஐ. 23.4 என்பது ஐரோப்பிய அட்டவணையில் நலம். இந்திய மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவில் 23-க்கு மேல் என்பதே அதிக எடை. ஆணுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 94. சென்னையிலிருந்து சர்க்கரை நோய் மருத்துவர்கள் மோகனும் அஞ்சனாவும் முன்நின்று, நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) என்ற ஆய்வு 2023-இல் வெளியிட்ட எண்களில், பொதுவான பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இந்த இடைவெளியில்தான் உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அதே குழு 2025-இல், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவும் கண்டது.

தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பு நேரே கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாயில் கலப்பதால் அதுவே எல்லாவற்றுக்கும் குற்றவாளி என்று எழுதப்படுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். அளந்து பார்த்தவர்கள், கல்லீரலுக்குப் போகும் கொழுப்பு அமிலத்தில் பெரும்பங்கு தோலடிக் கொழுப்பிலிருந்தே வருவதாகக் கண்டார்கள். தொப்பையைக் குற்றவாளி என்பதைவிடச் சாட்சி என்பேன்: தோலடிக் களஞ்சியம் நிரம்பிவிட்டது என்பதற்கு, காசு செலவில்லாமல் அளக்கக்கூடிய சாட்சி.

கடைசியாகக் கணையம். நியூகாசிலின் ராய் டெய்லர், ஒவ்வொருவருக்கும் கொழுப்பைத் தாங்கும் சொந்த வரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் எடை எதுவாயினும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் என்கிறார். கல்லீரல் ஏற்றுமதி செய்யும் கொழுப்பு கணையத்திலும் படிந்து, அங்கே இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களைச் சுரப்பை மறக்கச் செய்கிறது என்பது அவர் கருத்து. 2011-இல் 11 நோயாளிகளுக்கு நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்ததில், ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கணையம் தேற எட்டு வாரம் ஆனது. பின்னர் பி.எம்.ஐ. 27-க்கும் குறைவான, அதாவது பருமன் இல்லாத 20 சர்க்கரை நோயாளிகளிடம் செய்து பார்த்தபோதும் 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் எடையைக் குறைத்துவிட வேண்டியதுதானே என்றால், அங்கே மூளை குறுக்கே நிற்கிறது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் கண்டறிந்த லெப்டின், கொழுப்பு செல் மூளைக்கு அனுப்பும் இருப்புச் செய்தி. 1997-இல் கேம்பிரிட்ஜில், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் லெப்டினே சுரக்காத இரு குழந்தைகள் கண்டறியப்பட்டார்கள். எட்டு வயதுச் சிறுமிக்கு எடை 86 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் அடங்காத பசி அடங்கியது. ஆனால் சாதாரணப் பருமனில் லெப்டின் குறைவில்லை, ஏற்கெனவே மிகுதி. மேலும் போட்டுப் பயனில்லை. எடை இறங்கும்போதுதான் அது வேலையைக் காட்டும். லெப்டின் விழுந்தவுடன் மூளை பஞ்சம் வந்துவிட்டதாகப் புரிந்துகொண்டு பசியைக் கூட்டி, செலவைக் குறைக்கிறது. 2011-இல் மெல்பர்னில் பத்து வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் எடை இழந்தவர்களை ஓராண்டு கழித்து அளந்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எடை திரும்ப ஏறியவரை மனவுறுதி இல்லாதவர் என்று ஏசுகிறவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள். செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற எடை குறைக்கும் ஊசிகள் பலனளிப்பதும், நிறுத்தினால் எடை திரும்புவதும் இந்த இடத்தில்தான். உங்கள் பி.எம்.ஐ.க்கு அவை இப்போது பொருந்தாது; கேட்கவும் வேண்டாம்.

உங்களுக்கு இருக்கும் நல்ல செய்தி, அக்காவின் எடையில் இருப்பவரைப்போல் 20 கிலோ குறைக்க வேண்டியதில்லை. நான்கைந்து கிலோ போதும், ஏனெனில் முதலில் காலியாவது கடைசியில் வழிந்த இடமான கல்லீரல். சோற்றை இலையின் பாதியிலிருந்து கால்பாகமாக்கி, அந்த இடத்தைப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், காய் ஆகியவற்றால் நிரப்புங்கள். இனிப்புப் பானங்களை அடியோடு விடுங்கள். சாப்பிட்டபின் நடப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை: சுருங்கும் தசை ஏ.எம்.பி.கே. என்ற நொதியின் வழியாக இன்சுலினைக் கேட்காமலேயே அந்த ஜி.எல்.யு.டி.4 கதவைத் திறந்துகொள்ளும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்குவது, பிறப்பிலேயே சிறியதாக அமைந்த உங்கள் தசைக் கொட்டகையைப் பெரிதாக்கும். எடை மெஷினில் அது தெரியாமலும் போகலாம்.

மூன்று மாதம் கழித்து எடையோடு நாடாவையும் எடுத்து வயிற்றைத் தொப்புள் மட்டத்தில் அளந்து பாருங்கள், வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடையும் எச்.பி.ஏ.1சி-யையும் திரும்பப் பாருங்கள். ட்ரைகிளிசரைடுதான் முதலில் இறங்கும், எச்.டி.எல். சோம்பேறி, அது ஏற ஆறு மாதம்கூட ஆகலாம், அதற்காகக் கலங்க வேண்டாம். ஸ்கேன் அறிக்கையுடன், ரத்தத்தில் அளக்கும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை மூன்றையும் உங்கள் மருத்துவரிடம் காட்டி, கல்லீரலில் தழும்பு தொடங்கியிருக்கிறதா என்று கணக்கிடச் சொல்லுங்கள். வயதோடு சேர்த்து இந்த மூன்று எண்களைக் கொண்டு அதைத் தோராயமாக மதிப்பிடும் சூத்திரம் இருக்கிறது, அதற்குத் தனிச் செலவு கிடையாது.